எதிராளியாய்ப் பிறந்து துணையாய் வந்த 'வித்'

கேள்வி: டீச்சர், வணக்கம். மொழிபெயர்ப்புத் தேர்வில் 'இந்தியன் சோல்ஜர்ஸ் ஃபாட் வித் தி பிரிட்டிஷ்' என்று ஒரு வாக்கியம் வந்தது. 'இந்திய வீரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டார்கள்' என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை. 'ஆங்கிலேயருடன் சேர்ந்து' என்பதுதான் சரியாம். ஆனால் 'டோன்ட் ஃபைட் வித் யுவர் பிரதர்' என்றால் தம்பியோடு சண்டை போடாதே என்றுதானே பொருள்? என் விடை எப்படித் தவறாகும்?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: உங்கள் விடை தவறில்லை அம்மா. 'வித்' என்னும் சொல்லால் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. முன்னும் பின்னும் ஒரு வரி இல்லாமல் அதைக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் தருவது நியாயமே இல்லை.

அதே வாக்கியத்தோடு '1944, இம்பால்' என்று சேர்த்துப் பாருங்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் இந்திய வீரர்கள் ஆங்கிலேயருக்குத் தோள் கொடுத்து ஜப்பானியரை எதிர்த்தார்கள். அதே மலைகளில், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து வீரர்கள் ஜப்பானியர் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தார்கள். மலேயாவிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஆக, 'இம்பாலில் இந்திய வீரர்கள் ஃபாட் வித் தி பிரிட்டிஷ்' என்று எழுதினால் இரண்டு பொருளிலும் அது உண்மை! ஒரு சின்னச் சொல் இரண்டு படைகளையும் தாங்குகிறது.

ஏன் இப்படி என்பதற்கு ஆயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்றால் 'எதிராக', 'எதிரில்', 'நோக்கி'. 'உடன்' என்பதற்கு அவர்களிடம் வேறு சொல் இருந்தது: 'மிட்'. ஜெர்மன்காரர்கள் இன்றும் 'உடன்' என்பதற்கு 'மிட்' என்றுதான் சொல்கிறார்கள், சுவீடன்காரர்கள் 'மெட்' என்கிறார்கள். இங்கிலாந்தில் மட்டும் அந்தச் சொல் செத்துப்போய், எதிரியைக் குறித்த சொல் அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டது. பேவுல்ஃப் என்ற பழைய காவியத்தில், கிரெண்டல் என்னும் அரக்கன் ஹ்ரோத்கார் அரசனை எதிர்த்து நெடுநாள் போரிட்டான் என்று வரும் இடத்தில் 'வித் ஹ்ரோத்கார்' என்றே இருக்கிறது. அங்கே 'சேர்ந்து' என்று மொழிபெயர்த்தால் கதையே கவிழ்ந்துவிடும்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அது ஒரு கண் மருந்துக் குறிப்பு. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்தாம் நூற்றாண்டு வைத்தியச் சுவடி ஒன்று இருக்கிறது, 'பால்டின் லீச்புக்' என்பார்கள். (லீச் என்றால் இங்கே அட்டைப் பூச்சி இல்லை. அந்தக் காலத்தில் வைத்தியருக்கு அதுதான் பெயர்.) இமையில் வரும் கட்டிக்கு அதில் ஒரு மருந்து சொல்லியிருக்கிறது. பூண்டும் அதன் இனத்தைச் சேர்ந்த வெங்காயம் போன்ற ஒன்றும் சம அளவு எடுத்து நன்றாக இடி. திராட்சை மதுவும் காளையின் பித்தநீரும் சம அளவு எடுத்து அதோடு கல. பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வை. துணியில் பிழிந்து வடிகட்டி, கொம்பில் ஊற்றி வைத்து, இரவில் இறகால் கண்ணில் இடு. 'மிகச் சிறந்த மருந்து' என்று சொல்லி முடிக்கிறார் எழுதியவர். 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படித்தவரும் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து இதை அப்படியே செய்து பார்த்தார்கள். எம்ஆர்எஸ்ஏ என்ற, சாதாரண மருந்துக்கெல்லாம் அடங்காத கிருமியை அது ஆய்வுக்கூடத்தில் கொன்றது. (தயவுசெய்து யாரும் வீட்டில் செய்து கண்ணில் போட்டுவிடாதீர்கள்.)

எனக்கு மருந்தைவிட அந்தக் குறிப்பின் மொழிதான் பெரிய புதையல். முதல் வரியில் 'வித் வென்னெ' என்று இருக்கிறது, கட்டிக்கு எதிராக என்று பொருள். நாம் 'கட்டிக்கு மருந்து' என்கிறோமே, அந்த இடம். அடுத்து மதுவையும் பித்தநீரையும் பூண்டோடு கலக்கச் சொல்லும்போது 'யெமெங் வித்' என்கிறது. இங்கே அதே சொல் 'உடன்' என்ற பொருளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கடைசியில் இறகால் இடு என்னும் இடத்தில் 'மிட் ஃபெத்ரெ'. இன்றைய ஆங்கிலத்தில் 'வித் எ ஃபெதர்' என்போம். மூன்று நாலு வரிக்குள் எதிராக நிற்கும் வித், கலக்கும் வித், இன்னும் உயிரோடு இருக்கும் மிட் என்று எல்லாம் இருக்கிறது. நான் இதை முதலில் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

சரி, எதிராளி எப்படித் துணையானான்? 'எதிரில்' என்பதை யோசியுங்கள். சண்டைக்கு இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். பேச்சுக்கும் பேரத்துக்கும் வழக்குக்கும் விளையாட்டுக்கும் அப்படித்தான். 'அவனுக்கு எதிரே நின்று பேசினேன்' என்பது நாளடைவில் 'அவனோடு பேசினேன்' ஆகிவிடும். அப்புறம் பேசியவனோடு நடப்பதும் உண்பதும் அதே சொல்லுக்குள் வந்துவிடும். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய டேனியர்களின் நார்ஸ் மொழியிலும் இதற்கு உறவான சொல் இருந்தது. அதற்கு 'அருகில்', 'உடன்' என்ற பொருளும் உண்டு. அந்தப் பழக்கமும் கை கொடுத்திருக்கும் என்பது அறிஞர்கள் கருத்து. 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மிட் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

நமக்கு இது புதிதே அல்ல. 'எதிர்த்தான்' என்றால் பகை. 'எதிர்கொண்டு அழைத்தான்' என்றால் மரியாதை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை ஊர் எல்லையில் போய் எதிர்கொண்டார்கள். சித்தப்பா பன்னீர்ச் செம்போடு முன்னால் நிற்க, சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டும் பின்னால். அந்த 'எதிர்' தான் போர்க்களத்து 'எதிர்'. முகத்துக்கு முகம் நிற்பது மட்டும்தான் சொல்லில் இருக்கிறது, கையில் இருப்பது வாளா பன்னீரா என்பதைச் சொல்பவர்தான் தீர்மானிக்கிறார். 'அவனோடு சண்டை போட்டேன்' என்று நாமும் ஓடு என்னும் உருபைத்தானே போடுகிறோம்! உங்கள் ஆசிரியரிடம் இம்பாலைச் சொல்லிப் பாருங்கள். நியாயம் அவருக்கும் புரியும்.

கேள்வி: வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் 'வித்ட்ராயல்' என்று இருக்கிறது. பணத்தை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், அதில் 'உடன்' எங்கே இருக்கிறது?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: உடன் இல்லை. மேலே சொன்ன பழைய வித் தான் அது, அதன் வேரிலேயே பிரிவு இருக்கிறது. 'டிரா' என்றால் இழு. மேசை டிராயரைத் தமிழில் 'இழுப்பறை' என்று எவ்வளவு அழகாகச் சொன்னார்கள்! வித்ட்ரா என்றால் அப்பால் இழு, பின்னால் இழு. படையைப் பின்வாங்குவதும் வழக்கை வாபஸ் வாங்குவதும் வங்கியிலிருந்து பணம் எடுப்பதும் அந்தப் பின்னிழுப்புதான். தேர்வு முடிவில் சில எண்களுக்கு நேரே 'வித்ஹெல்ட்' என்று போடுவார்களே, அது பின்னால் பிடித்து வைத்தது. நிறுத்தி வைக்கப்பட்டது என்கிறோம். 'வித்ஸ்டாண்ட்' எதிர்த்து நிற்பது. சட்டங்களில் பல பிரிவுகள் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று தொடங்கும். 'இதை எதிர்த்து எது நின்றாலும் அது செல்லாது' என்பதுதான் அதன் உள்ளிருக்கும் படம்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். வித் என்னும் சொல்லின் வேரைச் சொல்லாராய்ச்சியாளர்கள் 'விலகல்' என்ற பொருளுள்ள மிகப் பழைய 'வி' வரை கொண்டுபோகிறார்கள். சமஸ்கிருதத்தின் 'வி' அதன் சொந்தக்காரன். நாம் சொல்லும் 'வியோகம்' என்பதன் முதலெழுத்து அது. யோகம் சேர்க்கை, வியோகம் பிரிவு. பிரிவைச் சொன்ன வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் துணைச்சொல் முளைத்திருக்கிறது.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். ஏஎன்எம் (துணைச் செவிலியர், மருத்துவச்சி) படிப்பில் உங்களிடம் ஆங்கிலம் படித்தேன் டீச்சர். பிரசவம் பார்க்கும் பெண்ணை ஆங்கிலத்தில் மிட்வைஃப் என்கிறார்களே, அதற்கு 'தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பவள்' என்று வகுப்பில் சொன்னீர்கள். என் மகள் அது தவறு என்கிறாள். எது சரி?
(வாசகி, ஒரத்தநாடு)

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். எத்தனை வருடம், எத்தனை வகுப்பு! 'மிட்' என்றதும் மிட்நைட், மிட்டே என்று நடுவைத் தேடினேன், அகராதியைத் திறந்து பார்க்கவில்லை. உங்களோடு படித்த எல்லாரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நடுவைக் குறிக்கும் மிட் வேறு, இந்த மிட் வேறு. செத்துப்போனது என்று மேலே சொன்னேனே, 'உடன்' என்று பொருள்பட்ட அந்த மிட் ஒளிந்திருக்கும் சொல் இதுதான். 'வைஃப்' என்பதும் இங்கே மனைவி இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் 'பெண்' என்று பொருள். மிட்வைஃப் என்றால் 'உடனிருக்கும் பெண்'. 1300 வாக்கில் எழுத்தில் தென்படுகிற சொல். தனியாக நின்ற மிட்டை மொழி கைவிட்டுவிட்டது, பிரசவ அறைக்குள் இருந்ததை மட்டும் கைவிடவில்லை.

நம் வீடுகளில் கேட்பதை நினைத்துப் பாருங்கள். 'பிரசவத்துக்குக் கூட யார் இருந்தா?' என்பதுதான் முதல் கேள்வி. என் தம்பி பிறந்தபோது எனக்கு ஏழு வயது. கதவைச் சாத்திவிட்டார்கள். வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு அத்தை போவதும் வருவதுமாக இருந்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரலைவிட மருத்துவச்சியின் குரல்தான் அதிகம் கேட்டது: 'நான் இருக்கேன் தாயி, நான் கூடவே இருக்கேன்.' விடியும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மிட்வைஃப் என்ற சொல்லை அதைவிடச் சரியாக யாராலும் மொழிபெயர்க்க முடியாது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த நான் 'நடுவில் நிற்பவள்' என்று சொல்லிக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இதோடு இன்னொரு சொல்லையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்தில் 'அப்ஸ்டெட்ரிக்ஸ்', அதாவது பிரசவ மருத்துவம், படித்திருப்பீர்கள். லத்தீனில் 'அப்ஸ்டெட்ரிக்ஸ்' என்றால் மருத்துவச்சி. சொல்லின் பொருள் 'எதிரில் நிற்பவள்', பிரசவிக்கும் பெண்ணுக்கு எதிரே குழந்தையை ஏந்திக்கொள்ள நிற்பவள். 'தடை' என்னும் பொருளில் வரும் 'அப்ஸ்டகிள்' அதே 'எதிரில் நில்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலப் பெண் உடன் இருக்கிறாள், லத்தீன் பெண் எதிரே நிற்கிறாள், இருவர் கையும் நீள்வது ஒரே பிள்ளைக்காக.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பெரிய வெள்ளி அன்று 'தேர் இஸ் எ க்ரீன் ஹில் ஃபார் அவே' பாடுவோம். பழைய பாட்டுப் புத்தகத்தில் 'வித்தவுட் எ சிட்டி வால்' என்று இருக்கிறது. குன்றுக்கு எதற்கு நகரச் சுவர்? அது இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: சுவர் இல்லாத குன்று என்று பொருள் இல்லை அம்மா, 'நகரச் சுவருக்கு வெளியே உள்ள குன்று'. வித்இன் உள்ளே, வித்தவுட் வெளியே, அதுதான் பழைய பொருள். 'இல்லாமல்' என்ற பொருள் அதிலிருந்து வந்து இப்போது அதுவே நிலைத்துவிட்டது. சிசில் ஃபிரான்சஸ் அலெக்சாண்டர் 1848இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட பாட்டு அது. உங்களுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வந்ததால்தான் பிந்திய புத்தகங்கள் பலவற்றில் 'அவுட்சைட்' என்று மாற்றி அச்சிட்டார்கள்.

1611 ஆங்கில பைபிளில் எபிரெயர் 13:12ஐ எடுத்துப் பாருங்கள். ஒரே வசனத்தில் 'வித் ஹிஸ் ஓன் பிளட்' என்றும் 'வித்தவுட் தி கேட்' என்றும் வருகிறது. உங்கள் கையில் இருக்கும் தமிழ் பைபிள் இரண்டையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது: 'சொந்த இரத்தத்தினாலே', 'நகர வாசலுக்குப் புறம்பே'. தமிழ் வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆங்கில வரியில் சந்தேகமே வராது.

கேள்வி: 'ரிட்டன் பை பென்' என்று என் மாணவர்கள் எழுதுகிறார்கள். 'வித் எ பென்' என்று எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப அதே பிழை. என்ன செய்வது?
(ஆசிரியர், அரியலூர்)

பதில்: பிழைக்குக் காரணம் கவனக்குறைவு இல்லை சார், அவர்கள் தாய்மொழி. தமிழில் 'கம்பனால் எழுதப்பட்டது', 'பேனாவால் எழுதப்பட்டது' இரண்டுக்கும் ஒரே ஆல். செய்தவனையும் கருவியையும் நாம் ஒரே திண்ணையில் உட்கார வைக்கிறோம். ஆங்கிலம் செய்தவனுக்கு 'பை' என்று தனி இடம் கொடுத்துவிட்டு, கருவியைக் கூட்டாளியோடு சேர்த்துவிட்டது. 'வித் எ பென்', 'வித் எ ஃபிரண்ட்'. பிள்ளைகளுக்கு அங்கேதான் இடறுகிறது.

நம் முன்னோர் இந்த உறவை நன்றாகக் கண்டிருக்கிறார்கள். தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்குப் பெயரே 'ஒடு' என்று வைத்து, 'வினைமுதல் கருவி' இரண்டையும் அதன் பொருளாகச் சொன்னார். நன்னூல் 'கருவி கருத்தா உடனிகழ்வு' என்று மூன்றையும் ஒரே கூரைக்குள் வைத்தது. புறநானூற்றில் யானையைப் பற்றி 'தூங்கு கையான் ஓங்கு நடைய' என்று வரும். தொங்கி அசையும் துதிக்கையோடு கூடிய பெருமித நடை. இன்று நாம் ஓடு போடும் இடத்தில் அங்கே ஆன் நிற்கிறது. அந்த யானைக்குத் துதிக்கை கருவியா, கூட்டாளியா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

கரும்பலகையில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் 'யாரால்?' என்று எழுதி பை. மற்றதில் 'எதால்? யாரோடு?' என்று எழுதி வித். ஆளைக் கேட்கும் 'ஆல்' மட்டும்தான் பை என்று தெரிந்துவிட்டால் பேனா தானாக வித்துக்குப் போய்விடும். நான் ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் இப்படிச் செய்தேன், வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் சரியாகிவிட்டது. மற்றவர்களுக்குச் சில வாரம் ஆனது. 'பை பஸ்', 'பை போஸ்ட்' என்பதை அதே வாரத்தில் சொல்லிக் குழப்பாதீர்கள். அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: 'கோப் அப் வித்' என்பது சரியா?
(வாசகர், சேலம்)

பதில்: 'அப்' வேண்டாம், 'கோப் வித்' போதும். 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' எல்லாம் காதில் இருப்பதால் இதிலும் அப் ஒட்டிக்கொள்கிறது. கோப் என்பது அடி, குத்து என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அதற்குக் கைகலத்தல் என்றுதான் அர்த்தம். கோப் வித் என்றால் ஒருவனோடு மோதுவது, பிறகு மோதிச் சமாளிப்பது, இப்போது வெறுமனே சமாளிப்பது. கும்பகோணத்து மாணவி கேட்ட சண்டைக்கார வித் இங்கேயும் நிற்கிறது பாருங்கள். 'ஐ காண்ட் கோப் வித் திஸ் வொர்க்' என்று எழுதுங்கள்.